எனக்குப் பதிலாக வந்தவள்

டிவி தொடரில் நடிகை மாறும்போது திரையின் அடியில் ஒரு வரி ஓடும். "இந்தக் கதாபாத்திரத்தில் இனி இவர்." எனக்கு அந்த வரி ஓடியபோது நான் இராஜபாளையத்தில் அம்மா வீட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். ஆறாவது மாதம். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திரையில் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள். நான் உடுத்திய அரக்குச் சேலை. நான் போட்டிருந்த தாலிச் சங்கிலி. மாமியாராக நடிக்கும் நடிகை, "எங்கம்மா போயிட்டு வர்ற?" என்று என்னைக் கேட்கும் அதே குரலில் அவளைக் கேட்டார். "கோயிலுக்கு அத்தை" என்றாள் அவள். அவ்வளவுதான், மருமகள் மாறியாகிவிட்டது. மூன்று வருடம் என்னோடு ஒரே டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டவர் அந்த அம்மா. முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. நடிப்புத்தானே, சுளிக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கொஞ்சம் சுளித்திருக்கலாம் என்று தோன்றியது.

"இவ மூஞ்சியும் மொகரையும்" என்றாள் என் அம்மா. "ஒனக்குப் பக்கத்துல நிக்க முடியுமா இவளால?"

அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

நான் நடிக்கப் போன கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது எங்கள் ஊர் கேபிள் சேனலில் பிறந்தநாள் வாழ்த்துப் படிக்கும் பெண்ணாக இருந்தேன். குழந்தைகளின் போட்டோவைத் திரையில் போடுவார்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே அப்பா, அம்மா, தாத்தா, அத்தை பெயர்களை மூச்சு விடாமல் வாசிப்பேன். பஸ்ஸில் போனால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தல் எனக்குப் பிடித்துப்போனது. சென்னையில் ஒரு பாட்டுச் சேனலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போகிறேன் என்றேன்.

அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஒரு நூற்பாலையில் காவல் பொறுப்பில் இருந்தார். கத்துவார் என்று பயந்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நான் பட்டாளத்துக்குப் போறேன்னு சொன்னப்போ எங்க வீட்டுல எழவு விழுந்த மாதிரி அழுதாவ. நான் அழ மாட்டேன். போயிட்டு வா" என்றார். ஸ்டேஷன் வரை வந்து, ரயில் கிளம்பும் வரை பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

பாட்டுச் சேனலுக்குப் பிறகு சினிமா. முதல் படத்தில் கதாநாயகியின் தோழி. எனக்கு இரண்டு வசனம். படம் வந்தபோது ஒன்றுதான் இருந்தது. அடுத்த படத்தில் நாயகனின் தங்கை, இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிறவள். அதன் பிறகுதான் அந்தத் தொடர் கிடைத்தது. கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள் நான்தான். பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, வெள்ளிக்கிழமை தோறும் விளக்குப் பூஜை. எங்கள் சபையில் சில பெண்கள் ஆராதனை முடிந்ததும் அம்மாவை ஓரமாக அழைத்து, "என்னக்கா, ஒங்க மக இப்படிப் பொட்டும் பூவுமா நிக்கா?" என்று கேட்டார்கள். அம்மா அசரவில்லை. "அது சம்பளத்துக்கு வைக்கிற பொட்டு. சாயங்காலம் அழிச்சிருவா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்றே ஒன்றுதான் குறை. என் குரலை இயக்குநர் எடுத்துக்கொள்ளவில்லை. எம்புட்டு, அம்புட்டு, வாரேன் என்று என் வாயிலிருந்து எப்படியாவது ஊர் எட்டிப் பார்த்துவிடும். "முகம் ஓகே. வாயத் திறந்தா மதுரை பஸ் ஸ்டாண்டு" என்பார். வேறொரு பெண் எனக்கு டப்பிங் பேசினாள். மூன்று வருடம் வீடு வீடாக என் முகம் போனது, குரல் போகவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். வயிறு தெரியாதபடி இடுப்புக்கு மேலேயே என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். பண்டிகைக்கு மறுநாள் காலையில் பாத்ரூமில் இரத்தம் பார்த்தேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, சென்னைப் பயணத்தை நினைத்துக்கூடப் பார்க்காதே என்றார் டாக்டர். என் கணவர் வங்கி வேலையை விட்டுவிட்டு வர முடியாது. சனிக்கிழமை ரயிலேறி வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். நான் படுக்கையில் கிடந்தேன்.

இயக்குநர் போன் செய்தார். "உடம்பப் பாத்துக்கம்மா. நீ வெளிநாட்டுக்குப் போற மாதிரி வைக்கலாம்னு யோசிச்சோம். ஆனா மருமக இல்லாம அந்த வீடு ஓடாதே."

"சரி சார்" என்றேன். மருமகள் இல்லாமல் அந்த வீடு ஓடாது என்று அவர் சொன்னதில் ஒரு பெருமைகூட வந்தது. நான் இல்லாமல் ஓடும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஏழரை மணிக்குத் தொடர். பார்க்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. அவள் நடையில் என்ன கோளாறு, கண்ணை எப்போது தேவையில்லாமல் சிமிட்டுகிறாள், கொசுவம் எங்கே பிசகுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன். முதல் வாரம் நிறையக் கிடைத்தது. பூஜைத் தட்டை இடது கையில் வாங்கினாள். அழும்போது மூக்கு சிவந்து அசிங்கமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அவள் பேசியது அவளுடைய சொந்தக் குரல். டப்பிங் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, நின்று நிதானமாக வரும் குரல். அதில் மட்டும் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கதை திரும்பியது. கணவன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து, மருமகளை மழையில் வெளியே தள்ளுகிறான். இந்தக் காட்சி வரப்போகிறது என்று எனக்கு முன்பே தெரியும். இதற்காகத்தான் மூன்று வருடம் மாமியாருக்குக் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனதுக்குள் அதை எத்தனையோ முறை நடித்திருக்கிறேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு கதற வேண்டும், முழங்கால் மடங்கி விழ வேண்டும்.

அவள் கதறவில்லை. தெருவில் வந்து விழுந்த பையை எடுத்தாள். வார் அறுந்த செருப்பைக் குனிந்து சரிசெய்ய முயன்றாள், முடியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நானாக இருந்தால் கிளிசரின் கேட்டிருப்பேன்.

விசும்பும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா அழுதிய?"

"பாவம்ட்டி அந்தப் புள்ள."

"நான் நடிக்கையில ஒரு நாளாவது அழுதியளா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நீ அழுதா எனக்கு எப்படிட்டி அழுக வரும்? செத்த நேரத்துல நீ போன் பண்ணுவ, என்னம்மா கொழம்புன்னு கேப்ப. இவ யாரு பெத்த புள்ளயோ, இந்த மழயில எங்க போவா?"

அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சித்திரையில் மகள் பிறந்தாள். பிரசவ அறையில் வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு நர்ஸ் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க அந்தப் பழைய மருமகதான?" என்றார். தலையை ஆட்டினேன். "இப்ப அந்தப் புள்ளய திரும்ப வீட்டுல சேப்பாங்களா? ஒங்களுக்குக் கத தெரிஞ்சிருக்கும்ல?" நான் கத்திய கத்தலுக்கு வலி மட்டும் காரணம் என்று அவர் நினைத்திருப்பார்.

அதன் பிறகு ஊர் முழுக்க அதுவே என் பெயராகிவிட்டது. ஆட்டோக்காரர், மருந்துக் கடைப் பையன், சபையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், எல்லோருக்கும் நான் பழைய மருமகள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அத்தை குழந்தையைப் பார்க்க வந்தவர், "அந்தப் புது அம்மாயி எத்தன பாந்தமா இருக்கா!" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நீயும் நல்லாத்தான் செஞ்ச" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆவணியில் எங்கள் ஊரில் பெரிதாக ஒரு ஜவுளிக்கடை திறந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆள் உயர பேனர். அதில் அவள் கை கூப்பி நின்றாள். திறந்து வைக்க வருகிறாள். நான் பிறந்த ஊரில், நான் வாழ்த்துப் படித்த ஊரில், நான் வீட்டில் இருக்கும்போதே.

"சும்மா போயி பாத்துட்டு வருவமா?" என்றாள் அம்மா.

"நீங்க போங்க. நான் வரல."

போனேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் அம்மாவோடு நின்றேன். வெயிலும் பட்டாசுச் சத்தமும் சேர்ந்து குழந்தை வீறிட்டு அழுதது. தட்டிக் கொடுத்தேன், பாடினேன், ஒன்றுக்கும் அடங்கவில்லை. அப்போது மேடையில் அவள் மைக்கை வாங்கி, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. ஸ்பீக்கர் இருந்த பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தபடி கேட்டது.

"பாத்தியா!" என்று அம்மா பூரித்துப்போனாள். "வயித்துல இருக்கையிலருந்து தெனம் கேட்ட கொரலுல்ல, அடையாளம் தெரியுது பாரு!"

அந்த மைக் வயரைப் பிடுங்கிப்போட வேண்டும் போல் இருந்தது எனக்கு. என் வேடத்தை எடுத்தாய், என் சேலையை எடுத்தாய், அம்மாவின் கண்ணீரை எடுத்தாய். இதையுமா?

கிளம்பலாம் என்று திரும்பும்போது முகக்கவசம் நழுவியது. கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பார்த்துவிட்டாள். "பழைய மருமக வந்திருக்காவ! இங்க பாருங்க, பழைய மருமக!" கூட்டம் திரும்பியது. முதலாளி ஓடி வந்து கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். அவர்களிடம் ஒரு சால்வைதான் இருந்தது. அதை ஏற்கெனவே அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினாள். கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அந்தக் கைதட்டல் எனக்கு இல்லை. அவளுடைய பெரிய மனதுக்கு.

பிறகு கடையின் பின்னறையில் எங்களை உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார்கள். அம்மா குழந்தையோடு சேலைப் பக்கம் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். பக்கத்தில் பார்த்தால் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். தப்பா எடுத்துக்காதீங்க. சேந்த புதுசுல உங்க மேல எனக்கு அவ்வளவு கோவமுங்க்கா."

"எம் மேலயா? ஏன்?"

"செட்டுல எல்லாரும், அவங்க இப்படி நிப்பாங்க, அவங்க இப்படிப் பாப்பாங்கன்னே சொல்லிட்டிருந்தாங்க. லைட் பாய்கூடச் சொன்னாரு. ராத்திரியெல்லாம் உங்க எபிசோடத்தான் போட்டுப் பாப்பேன். பாத்துட்டு அழுவேன்."

எனக்குள் எங்கேயோ குளிர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாயில் விழுந்த முதல் இனிப்பு. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை.

"இப்பவும் சொல்றாங்களா?"

அவளும் என் அம்மா மாதிரிதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப இல்லீங்க்கா" என்றாள்.

அந்தத் தொடர் முடிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்கு மாற்றல் கிடைத்தது. நாங்கள் அங்கே வீடு பிடித்துக்கொண்டோம். கூப்பிட்டால் நான் சென்னை போய் வருவேன். அண்ணி, டாக்டர், வக்கீல் என்று இரண்டு நாள், மூன்று நாள் வேடங்கள். அவளோ சினிமாவுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு படத்தின் அறிவிப்பையும் என் போனுக்கு அனுப்பிவைப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெருவிரல் உயர்த்தி அனுப்புவேன். அனுப்பிய விரலை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருக்கும்.

அப்போதுதான் எங்கள் பக்கத்திலேயே ஒரு படம் எடுக்க வந்தார்கள். காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் இராஜபாளையத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணின் கதை. வசனம் முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. தேர்வுக்குப் போனேன். இயக்குநர் சின்ன வயதுக்காரர். நான் ஒரு பக்கத்தைப் பேசி முடித்ததும், "இது, இதுதான் வேணும்!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது.

மறுநாள் அவர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா வேடம் எனக்கு. சொந்தக் குரல்தான், டப்பிங் கிடையாது. கதாநாயகிக்கு மட்டும் ஓடுகிற முகமாக வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். "அவங்களுக்கு இந்தப் பேச்சு வராது மேடம். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

யார் என்று நான் கேட்கவே இல்லை.

ஒத்துக்கொண்டேன். என் குரல் முதல் முறையாகத் தியேட்டரில் கேட்கப்போகிறது என்பது ஒரு காரணம். அவள் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்பது இன்னொன்று. முதல் சில நாட்கள் நன்றாகவே திணறினாள். வாரேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வரேனுங்க என்பாள். எம்புட்டு என்பதை ஏதோ கொட்டையை விழுங்குவது போல விழுங்குவாள். நான் பொறுமையாகத் திருத்தினேன். அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் வந்தாள், பேச்சு மாறியிருந்தது. ராகம்கூடச் சரியாக விழுந்தது. "எப்படி?" என்றேன்.

"அம்மாகிட்டப் பேசினேன்க்கா. சாயங்காலம் சாயங்காலம் போன் பண்ணுவேன். அன்னிக்கு ஜவுளிக்கடையில நம்பர் வாங்கி வச்சிருந்தேன்."

"எந்த அம்மா?"

"உங்க அம்மாதான்."

அன்று திருவண்ணாமலை அடிவாரத்தில் படப்பிடிப்பு. எங்கள் திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து மலைப் பெருமாள் கோயில். அக்காவும் தங்கையும் பிரிகிற காட்சி. படியில் இறங்கிக்கொண்டே அவள் திரும்பி, "நான் வாரேன்க்கா. நீ செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போ" என்றாள். என் அம்மாவின் இழுப்பு அச்சு அசலாக அதில் இருந்தது. எனக்கு எழுதியிருந்த வசனம், "ஏட்டி, பைய எறங்கு." அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் முழுக்க அந்த மூன்று வார்த்தைகளில் இறங்கியது. கட் என்று சொல்ல இயக்குநருக்கு நேரமாயிற்று. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து, "மேடம், எரிச்சலும் பாசமுமா, அப்படி விழுந்திருக்கு வாய்ஸ்" என்றார். எரிச்சல் எனக்குத் தெரியும். பாசம் எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயவில்லை.

படம் பிரமாதமாக ஓடியது என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் மட்டும் நன்றாக ஓடியது. அவள் தியேட்டருக்கு வந்திருந்தாள். இருட்டில் என் குரல் பெரிதாக எழுந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மலைப்படிக் காட்சிக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது. அது எனக்குத்தான், சந்தேகமே இல்லை. விளக்குப் போட்டதும் எல்லோரும் அவளோடு படம் எடுத்துக்கொள்ள ஓடினார்கள். இரண்டு பேர் தங்கள் போனை என்னிடம் கொடுத்து, "ஒரு போட்டோ எடுத்துத் தாங்கக்கா" என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பாடு. அம்மாதான் அவளைக் கூப்பிட்டிருந்தாள். அப்பா பட்டாளத்து விறைப்போடு வாசலில் நின்று வரவேற்றார். என் மகள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாள். அம்மா ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, ஈரல் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து அவள் இலையில் வைத்தாள்.

"எனக்கும் ஒரு ஈரல் வைங்கம்மா" என்றேன்.

"பொறுட்டி. வந்த புள்ள மொதல்ல திங்கட்டும்."

அவள் தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். ஜவுளிக்கடை மேடையில் பார்த்த அதே முகம். "வேண்டாம், நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். சட்டியை அடிவரை துழாவினேன். எலும்புக்கடியில் ஒரு ஈரல் ஒளிந்து கிடந்தது. அங்கேயே நின்றுகொண்டு, யாருக்கும் கொடுக்காமல், நிதானமாகத் தின்றேன்.